கந்தோரை விட்டுக் கமராவைத் தூக்கலாமா? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கலியாணம், சாமத்திய வீடு என்ற பூப்பு விழா, நிக்காஹ் படம் பிடிப்பது என் தொழில். அதற்கு முன் ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவில் இருந்தேன். “வேலையை விட்டுட்டு பிடிச்ச தொழிலுக்கு வரலாமா அக்கா?” என்று வட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். கேட்பவர்களில் கேக் செய்பவர்கள், தைப்பவர்கள், மேக்கப் போடுபவர்கள் எல்லோரும் உண்டு. எனக்குத் தெரிந்தது கமரா என்பதால் உதாரணம் அதிலிருந்து வருகிறது. காசுக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

வேலையை விடுவதற்கு முன் எவ்வளவு காசு சேர்த்திருக்க வேண்டும்?

குடும்பத்தின் ஒரு வருடச் செலவு. ஆறு மாதச் செலவு போதும் என்று பலர் சொல்வார்கள். மாதாமாதம் வேலை வரும் தொழிலுக்கு அது சரி. நம் பக்கத்தில் கொண்டாட்டத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் காசு பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும்.

ஒரு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். தை பிறந்ததும் தமிழ்க் கலியாணங்கள் தொடங்கும். வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் பெரும்போக வயல் வெட்டி, நெல் விற்ற காசு கைக்கு வந்த பிறகுதான் பலர் நாள் பார்ப்பார்கள். வைகாசியும் ஆனியும் நெருக்கமான மாதங்கள். ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் ஓகஸ்ட் நடு வரை தமிழ் வீடுகளில் ஒன்றும் நடக்காது. கனடா, லண்டன், சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த சொந்தங்கள் திரும்பிப் போவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்பதால், ஆவணி பிறந்த கையோடு ஒரே நாளுக்கு மூன்று வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். மூன்றையும் எடுக்க முடியாது. கார்த்திகையில் நல்ல நாள் இருக்கும், மழையும் இருக்கும். அப்புறம் மார்கழி. டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை மறுபடியும் ஒன்றுமில்லை.

முஸ்லிம் வீடுகளுக்கு ஆடியும் மார்கழியும் தடை கிடையாது. அங்கே நோன்பு மாதத்தில் கலியாணம் குறைவு, அந்த மாதம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் பொதுவாகக் கலியாணம் வைக்க மாட்டார்கள். நோன்பும் தவக்காலமும் பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஒன்றாகவே தொடங்கும் வருடம் 2026. தமிழ்க் கலியாணம் மட்டும் எடுப்பவருக்கு அது வழமையான மாசி. காத்தான்குடி முஸ்லிம் வீடுகளையும் புளியந்தீவுக் கத்தோலிக்க வீடுகளையும் நம்பி இருப்பவருக்கு அந்த ஒரு மாதமும் படுத்துவிடும்.

கந்தோரில் இருந்தவரை ஆடி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நான் கவனித்ததே இல்லை. சம்பளம் ஆடியிலும் வந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் விட்டுவிட்டு வரப்போவது அதைத்தான். சம்பளத் தொகையை மட்டும் பார்த்து “இதை ரெண்டு கலியாணத்தில எடுத்துடலாம்” என்று கணக்குப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

இது நல்ல வருடத்துக்கான கணக்கு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஊரடங்கும் பயமும். 2020இல் கொரோனா, மண்டபங்கள் பூட்டு. 2022இல் பெற்றோல் வரிசை, எடுத்த கலியாணத்துக்கும் போய்ச்சேர வழி இல்லை. மூன்று வருட இடைவெளிக்குள் மூன்று அடி. ஒரு வருடச் செலவு என்று நான் சொல்வது அதனால்தான்.

அந்த வெறும் மாதங்களில் என்ன செய்கிறீர்கள்?

ஆடிக்கு வழி இருக்கிறது. தமிழ் வீடுகள் அடங்கும் அதே நாட்களில்தான் கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் உச்சத்தில் இருக்கும். பாசிக்குடாவில் கடல் அமைதி, அறுகம்பேயில் அலை. ஹோட்டல்களுக்கு அறைப் படம், சாப்பாட்டுப் படம் தேவை. அறுகம்பேயில் அலைச்சறுக்குபவர்களைக் கரையிலிருந்து எடுத்து அன்று பின்னேரமே அவர்களுக்கு விற்கும் பையன்கள் இருக்கிறார்கள். அதற்கு நீளமான லென்ஸும் வெயிலில் நிற்கும் பொறுமையும் வேண்டும். சாப்பாட்டுப் படத்துக்கு ஒரு ஜன்னலும் வெள்ளைத் துணியும் போதும், ஆகவே நான் அந்தப் பக்கம்.

ஆனால் ஹோட்டலிடம் மே மாதத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். ஆடி பிறந்த பிறகு போய்க் கதவைத் தட்டினால் மெனு அச்சாகி முடிந்திருக்கும்.

மார்கழிதான் கஷ்டம். மழை, வெள்ளம், சுற்றுலாவும் இல்லை. முஸ்லிம் வீட்டு வேலைகளும் தேவாலய நிகழ்ச்சிகளும் கொஞ்சம் வரும். நிலுவையில் உள்ள அல்பங்களை முடிக்கும் காலம் அது. முடித்துக் கொடுத்தால்தான் மிச்சக் காசு வரும் என்பதால் அதையும் வருமானம் என்றே வையுங்கள். கடையே வைத்திருப்பவர்களுக்கு ஐடி படம் இருக்கிறது. தேசிய அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவான ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அந்தப் பதிவு உள்ள சின்னக் கடைக்கு மார்கழியிலும் பிள்ளைகள் வந்துகொண்டிருப்பார்கள். கலைஞர்கள் அந்த வேலையைக் கேவலமாகப் பார்ப்பார்கள். மின்சார பில் அப்படிப் பார்ப்பதில்லை.

அரச உத்தியோகத்தை விடலாமா?

அவசரப்படாதீர்கள். தனியார் வேலையை விடுவதும் அரச வேலையை விடுவதும் வேறு வேறு விஷயம். ஓய்வூதிய உரித்துள்ள பதவியிலிருந்து இராஜினாமாச் செய்தால் சாதாரணமாக அந்த உரித்தும் போய்விடும். 2022 நெருக்கடியின்போது அரச ஊழியர்களுக்குச் சம்பளமற்ற லீவு ஐந்து வருடம் வரை தரும் சுற்றறிக்கை ஒன்று வந்தது. இன்றைக்கு என்ன நடைமுறை என்பதை உங்கள் திணைக்களத்தின் நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கன்டீனில் கேட்கும் விளக்கத்தை நம்பிக் கடிதம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2017இல் இதே நகரத்தில் காந்தி பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டது இந்த வேலையைத்தான். அதை விடுகிறேன் என்று சொல்லும்போது வீட்டில் அழுவதற்குக் காரணம் இருக்கிறது.

வேலையை விட்டால் கைக்கு என்ன வரும்? ஈ.பி.எப். காசில் கமரா வாங்கலாமா?

ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பக்கம் 12 வீதமும் போகிறது. வேலையை விட்டதற்காக அதைத் தர மாட்டார்கள். ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள், வேலை செய்ய இயலாத அளவுக்கு நோயுற்றவர்கள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. ஆக, கமராவுக்கு அந்தக் காசு கிடையாது. கிடையாது என்பதே நல்லது.

ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி வேறு. முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவது. வேலையை விட்டதும் எடுக்கலாம். பிறகு வேறு வேலைக்குப் போய் அதையும் விட்டால், அடுத்த தடவை எடுக்க ஐந்து வருட இடைவெளி வேண்டும்.

மூன்றாவது பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கணக்கில் சேரும் சம்பளம் 60,000, சேவை 8 வருடம் என்றால் 2,40,000 ரூபாய். 30 நாட்களுக்குள் தர வேண்டும். நாலு வருடமும் பத்து மாதமும் ஆனவர்கள் இன்றைக்கே கடிதம் கொடுக்கத் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். அந்தக் காசு ஒரு லென்ஸ்.

ஓய்வுக்காலத்துக்கு என்ன வழி என்று கேட்பவர் மிகக் குறைவு. சுயதொழில் செய்பவர்களுக்கு இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அதற்கென அலுவலர் இருப்பார். தொகை பெரிதில்லை, சேர்ந்துவிடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே தொடங்கினால் என்ன?

அதுதான் சரியான வழி. சனி, ஞாயிறு, போயா நாட்களில் எடுக்கலாம். அரச ஊழியர் என்றால் வெளியே சம்பாதிக்க அனுமதி பெற வேண்டும் என்று தாபன விதிக்கோவையில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. நல்ல நாள் கிழமை பார்த்து வராது. வைகாசியில் புதன்கிழமை முகூர்த்தம் என்றால் லீவு எடுக்க வேண்டும். ஒரு முழு ஆடியும் ஒரு முழு மார்கழியும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். வைகாசியில் வந்த காசைப் பார்த்து ஆனியில் வேலையை விட்டவர்கள்தான் ஆவணிக்கு முன் கமராவை விற்க விளம்பரம் போடுகிறார்கள்.

எந்தக் கமரா வாங்க?

இரண்டு மெமரி அட்டை போடக்கூடிய எதையும். ஒரு அட்டை பழுதானால் தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

கமராவை விட அதை எங்கே வைக்கிறீர்கள் என்பது நம் ஊரில் முக்கியம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாம். கார்த்திகை மழையில் பையைப் பூட்டி அலுமாரியில் வைத்துவிட்டுத் தையில் எடுத்துப் பாருங்கள். லென்ஸின் பின்பக்கம் டோர்ச் அடித்து, சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல் ஓடியிருக்கும். பூஞ்சை. தொடக்கத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது. மண்டபத்து வெளிச்சம் நேரே பட்டால் முழுப் படமும் மங்கும். அதற்குள் கண்ணாடி மேல் உள்ள பூச்சையே தின்றிருந்தால், துடைத்தாலும் தடம் நிற்கும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி, இவ்வளவுதான் செலவு. ஈரப்பதம் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். கல்லடிக் கடற்கரையில் ஜோடிப் படம் எடுத்துவிட்டு வந்தால் முன் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, முதலில் ஊதி, பிறகு ஈரத் துணி.

லீசிங்கிலோ கடனிலோ எடுக்கலாமா?

வாரத் தவணைக் கடன் வேண்டவே வேண்டாம். வாராவாரம் கட்ட வேண்டிய கடனும் வருடத்தில் சில மாதம் மட்டும் வரும் வருமானமும் ஒத்துப்போகாது. நுண்கடன் நம் கிராமங்களில் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். வங்கிக் கடன் என்றால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கேட்க வேண்டும், வேலையை விட்ட பிறகு தர மாட்டார்கள். அதற்காக, விடப்போகிறேன் என்று முடிவெடுத்த பிறகு சம்பளத்தைக் காட்டிப் பெருங்கடன் எடுப்பதும் புத்தியில்லை.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கமரா, லென்ஸ் எல்லாம் டொலரில் வருபவை. பழையது வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு கலியாணத்துக்கு எவ்வளவு கேட்பது?

பக்கத்துக் கடைக்காரரின் விலையிலிருந்து 5,000 குறைத்துச் சொல்வதுதான் புதிதாக வருபவர்களின் வழமை. அவருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சில வேளை அவருக்கே தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. 80,000 ரூபாய்க்குப் பேசியாயிற்று. அல்பம் அச்சடிக்க 22,000. கூட நின்று எடுக்கும் தம்பிக்கு 10,000. வாகனம் 4,000. இதோடு 44,000 மிச்சம் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். கமரா தேய்வதை யார் கணக்கில் சேர்ப்பது? ஐந்து இலட்சத்துக்கு வாங்கிய கமராவின் ஷட்டர் இரண்டு இலட்சம் தடவை அடிக்கும் என்று கம்பனி சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கலியாணத்தில் 3,000 தடவை அடித்தால் 66 கலியாணத்தில் அதன் ஆயுள் முடிகிறது. கலியாணத்துக்கு ஏறத்தாழ 7,500 ரூபாய். இப்போது மிச்சம் 36,500. லென்ஸ், பிளாஷ், கொம்பியூட்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் இதே மாதிரிப் பிரித்தால் இன்னும் இறங்கும். கலியாண நாள் விடியற்காலை தொடங்கி இரவு வரை. பிறகு 3,000 படத்தில் நல்லதைப் பொறுக்கி, திருத்தி, அல்பம் அடுக்க இன்னும் மூன்று நாலு நாள். மிச்சக் காசை அத்தனை நாளுக்கும் பிரித்துப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

முற்பணம் பாதி. கலியாண நாளன்று கால் பங்கு. அல்பம் கைக்குப் போகும்போது மிச்சம். வயல்காரக் குடும்பங்கள் “வெட்டு முடிய தாறன் மகள்” என்பார்கள், தருவார்கள். தராமல் இழுத்தடித்தவர்களில் மாதச் சம்பளக்காரர்கள்தான் அதிகம், ஏனென்று கேட்காதீர்கள்.

சொந்தக்காரர் இனாமாகக் கேட்டால்?

சொந்தத்துக்குள் ஒரு நல்லது நடந்தால் நீங்கள் விருந்தாளியாகப் போங்கள். மொய் எழுதுங்கள், சாப்பிடுங்கள். கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கொண்டுபோனால் வேலை, வேலை என்றால் விலை. பெரியம்மாவின் மகளுக்கு அல்பத்தை அன்பளிப்பாகக் கொடுக்க விருப்பமா, கொடுங்கள், அது வேறு. அரை விலை பேசுவதுதான் மோசம். காசும் வராது, நன்றியும் வராது.

பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமா? இரவில் திரிய வேண்டுமே?

இந்தக் கேள்வியை அம்மாமார்தான் கேட்கிறார்கள். சரிவரும். நம் பக்கத்தில் பெண்களுக்குத்தான் இதில் இடம் அதிகம் என்றும் சொல்வேன்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, மருதமுனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் நிக்காஹ் பள்ளியில் ஆண்களோடு நடக்கும்போது, பெண் வீட்டில் பெண்கள் தனியே கூடியிருப்பார்கள். அந்தப் பக்கம் ஆண் கமராக்காரர் போக முடியாது. பெண் ஒருத்தி வேண்டும் என்று பல வீடுகளில் தேடுகிறார்கள். ஆனால் கமரா பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. படத்தைத் திருத்துவதும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பார்கள். அச்சகத்தில் ஆண்கள் பார்ப்பார்கள் என்பதால் சிலர் அல்பமே வேண்டாம், பென்டிரைவ் மட்டும் தாருங்கள் என்பார்கள். கொடுத்த பிறகு உங்களிடம் ஒரு பிரதியும் இருக்கக் கூடாது என்று கேட்கும் வீடுகளும் உண்டு. உம்மா கண் முன்னாலேயே அட்டையை அழித்துக் காட்டினால், அடுத்த தடவை அவரின் தங்கச்சி வீட்டிலிருந்தும் அழைப்பு வரும். ஒரு படமும் எங்கேயும் போடாமல், வாய் வார்த்தையில் மட்டும் வளரும் தொழில் இது. இன்றைக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் கொழும்பில் நம்ப மாட்டார்கள்.

இரவுப் பயணத்துக்கு, போக வர வாகனம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தெரிந்த ஓட்டோ அண்ணன் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து படுவான்கரைக்குப் போய் வருவது எவ்வளவோ இலேசு. அதற்கு முன் அந்த இடத்தில் படகுப் பாதைதான்.

எடுத்த படங்களை என் பக்கத்தில் போடலாமா? அவை எனக்குத்தானே சொந்தம்?

நம் நாட்டில் அப்படி இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துச் செய்விக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, செய்வித்தவருக்கு. ஆகவே “விளம்பரத்துக்கு இத்தனை படம் பயன்படுத்தலாம்” என்று பற்றுச்சீட்டிலேயே ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

சாமத்திய வீட்டுப் படங்களில் சட்டத்தை விட்டுவிடுவோம். அது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. தாய் தகப்பன் சரி சொன்னாலும் பிள்ளையிடம் தனியே கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தை வைத்து நக்கல் அடிப்பார்கள் என்று அதற்குத்தான் தெரியும். நான் போடுவதில்லை. அதனால் எனக்கு வராமல் போன வேலையும் இருக்கும், போகட்டும். “பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க” என்பவர்களிடமும் வெளிச்சத்தைச் சரிசெய்து தருகிறேன், நிறத்தைத் தொட மாட்டேன் என்று முன்பே சொல்லிவிடுவேன்.

பதிவு, வரி எல்லாம் வேண்டுமா?

வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள், கிராம சேவகரிடமிருந்து தொடங்கும். அது இல்லாமல் கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க ஏலாது, ஹோட்டல்கள் காசோலை தரும்போது அந்தக் கணக்கு தேவைப்படும். கடை போட்டால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ போய் அனுமதியைக் கேளுங்கள். கேக், சாப்பாடு செய்பவர்கள் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் முன் நீங்களே போய்ப் பாருங்கள்.

வரி இலக்கம் எடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. செலவு போக மிஞ்சுவதுதான் வருமானம், ஆகவே அச்சகப் பில், பெற்றோல் பில் எதையும் எறியாதீர்கள்.

ட்ரோன்?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 2019 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் நாடு முழுக்க ட்ரோன் பறப்பதை நிறுத்தினார்கள். வாங்குவதை விட, அனுமதி உள்ளவரை அன்றைக்கு வாடகைக்குக் கூப்பிடுவது மேல்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

கலியாணம் ஆகாத பையன் என்றால் கலியாணப் பேச்சுக்கால் பாதிக்கப்படும், அதை மறைக்க மாட்டேன். “பிள்ளை என்ன செய்யுது?” என்ற கேள்விக்கு “வங்கியில” என்பது ஒரு சொல்லில் முடியும். “சொந்தமா ஸ்டூடியோ” என்றால் இன்னும் நாலு கேள்வி வரும். சீதனப் பேச்சு முடிந்த பிறகு வேலையை விடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அது ஏமாற்று.

கலியாணம் ஆனவர்களுக்கு வேறு சங்கடம். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். வாடகை இல்லை, தொழில் தொடங்குபவருக்கு இதைவிட உதவி கிடையாது. ஆனால் ஆடி மாதம் காலை பத்து மணிக்கு நீங்கள் சாரத்தோடு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்ப்பது மாமி. உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். குசினிக்குள்ளிருந்து கேட்கும்: “என்ன மகள், அவருக்கு இண்டைக்கும் லீவா?”

இதற்கு என்னிடம் இருக்கும் மருந்து, வருட வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் காட்டுவது. எந்த மாதம் வேலை, எந்த மாதம் வெறுமை, வெறும் மாதத்துக்கு எந்தக் கணக்கில் காசு இருக்கிறது. நம் பெரியவர்களுக்குப் போகக் கணக்கு தெரியும். விதைத்து அறுக்கும் வரை காசு வராது என்பது அவர்களுக்குப் புதிதல்ல. “என் கனவு” என்று தொடங்கினால் சண்டைதான் வரும்.

பிடித்த வேலையைத் தொழிலாக்கினால் பிடித்தம் போய்விடாதா?

கொஞ்சம் போகும். நான் கமராவைத் தூக்கியது கலியாணத்துக்காக இல்லை. கண்ணகி அம்மன் சடங்குக்காக. வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், ஆரையம்பதி என்று ஊர் ஊராகக் கோயில் கதவு திறப்பார்கள். கண்ணகி கதையான வழக்குரையைப் படிப்பவரின் குரல் இரவு ஏற ஏறக் கரகரக்கும். கடைசி நாள், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி. அந்த நேரம் பெண்கள் கூட்டத்தில் ஒரு அசைவு ஓடும், எல்லோரும் ஒரே தடவை முன்னுக்கு நகர்வார்கள். விளக்கு வெளிச்சம் மட்டும்தான், பிளாஷ் போட மனம் வராது, போடவும் விட மாட்டார்கள். ஷட்டரை மெதுவாக்கினால் முகம் கலங்கும், வேகமாக்கினால் இருட்டு. தெளிக்கும் நீர் விளக்குக்கு முன்னால் வரும் அந்த ஒரு கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். எங்கே நின்று எடுக்கலாம் என்று முன்பே கோயில் நிர்வாகத்திடம் கேட்டுவிடுவேன், உள்ளே எடுக்க வேண்டாம் என்றால் எடுப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், வைகாசிதான் கலியாண மாதமும். கந்தோரில் இருந்தபோது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சடங்குக்குப் போனேன், சம்பளம் குறையவில்லை. இப்போது குளிர்த்தி நாளுக்கு முற்பணம் வாங்க மறுத்தால் ஒரு கலியாணத்தின் காசு போகும். மறுத்துவிடுகிறேன். அந்த இழப்பை வருடக் கணக்கில் ஒரு செலவாகவே எழுதி வைத்திருக்கிறேன், வாடகை மாதிரி. அந்தப் படங்கள் விற்பதில்லை, விற்கும் எண்ணமும் இல்லை.

ஆடி இதற்கு நேர்மாறு. மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம். சில வருடங்களில் உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார் கூட்டம். ஹோட்டல் வேலை இல்லாத நாளில் போய் எடுக்கலாம். யாரும் அல்பம் எப்போது வரும் என்று கேட்க மாட்டார்கள்.

கொழும்புக்குப் போனால் இன்னும் சம்பாதிக்கலாமே?

சம்பாதிக்கலாம். வாடகையும் கட்டலாம்.

சரிவராவிட்டால் திரும்ப வேலைக்குப் போகலாமா?

போகலாம், போனவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இப்போதே செய்ய வேண்டியவை சில. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள், முன்னறிவிப்புக் காலத்தை முழுதாக வேலை செய்து முடியுங்கள். சேவைக் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள், ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் உங்களைத் தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார். ஈ.பி.எப். இலக்கத்தையும் கூற்றுக்களையும் பத்திரப்படுத்துங்கள். அரசாங்கப் போட்டிப் பரீட்சை எழுதும் எண்ணம் எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தால் அதன் வயதெல்லையைப் பார்த்து வையுங்கள்.

எப்போது திரும்புவது என்பதையும் வேலையை விடும் முன்னரே வீட்டில் பேசித் தீர்மானியுங்கள். எந்தக் கணக்கில் எவ்வளவுக்குக் கீழே காசு இறங்கினால் விண்ணப்பம் எழுதத் தொடங்குவது என்று ஒரு தொகை. என்னுடையது வருடச் செலவின் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொகையைத் தாளில் எழுதி என் அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறேன். நான் மாற்றி எழுத நினைத்தாலும் அவர் விட மாட்டார்.